பெயர் போட வேண்டிய இடம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வெயில் ஆகாது. எதுவரைக்கும் போறீங்க? வத்தலக்குண்டா? அப்ப ஒரு மணி நேரம் இருக்கு. நான் பெரியகுளம்.

இல்ல, பஸ் ஸ்டாண்டுலருந்தே பாக்குறேன், போன்ல விரலால தள்ளித் தள்ளி எதையோ அழிச்சுக்கிட்டு வர்றீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஈமெயில்தானே? பிரிக்காமலே அழிக்கிறீங்களே. எல்லாம் விளம்பரமா? ஒரு நாளைக்கு எத்தனை வரும் உங்களுக்கு? எண்ணிப் பாத்ததில்லையா. எனக்கு முப்பத்தெட்டு. சராசரி சொல்றேன். தீபாவளி சமயத்துல அறுபதைத் தாண்டியிருக்கு.

எப்படித் தெரியும்னா, எழுதி வச்சிருக்கேன். இந்தப் பையில இருக்கு பாருங்க, இருநூறு பக்க நோட்டு. இது மூணாவது நோட்டு. சிரிக்கிறீங்க. பரவாயில்ல, எல்லாரும் சிரிச்சாங்க.

நான் கவர்மெண்ட் ஆபீஸ்ல தபால் செக்ஷன் சார். எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, தபால் செக்ஷன் எல்லா ஆபீஸ்லயும் ஒண்ணுதான். இருபத்தொம்பது வருஷம் ஒரே நாற்காலி. காலையில தபால் வரும். பிரிக்கணும். தேதி முத்திரை குத்தணும். பதிவேட்டுல ஏத்தணும். வரிசை எண், தேதி, அனுப்புநர், பொருள், முடிவு. அப்புறம் எந்த செக்ஷனுக்குப் போகணுமோ அங்க அனுப்பணும். என் கையில ஒரு காகிதம் தொலைஞ்சதில்ல. ஆடிட்டுக்கு வந்தவரே சொல்லியிருக்காரு, பூமிநாதன் பதிவேட்டைப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம்னு. பூமிநாதன்கிறது நான்தான்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. தபால் செக்ஷன்காரன் மொதல் வரி படிப்பான், கடைசி வரி படிப்பான். யாருக்கு, யார்கிட்டருந்து. நடுவுல படிக்க மாட்டான். நடுவுல படிக்கிறது சம்பந்தப்பட்ட கிளார்க்கோட வேலை. புதுசா வேலைக்கு வர்றவங்க நடுவுல படிச்சுட்டு, "ஐயோ பாவம் சார் இந்தம்மா"ன்னு காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு நிப்பாங்க. நான் சொல்வேன், பாவம் பாக்க அடுத்த செக்ஷன்ல ஆள் இருக்கு, நீ நம்பரைப் போடுன்னு. கையெழுத்தில்லாத கடுதாசி வந்தா அதுக்கு ஒரே முடிவு. 'மேல் நடவடிக்கை தேவையில்லை.' எழுதிக் கட்டி வச்சுருவோம்.

ரிட்டயர் ஆனதும் பையன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வச்சு, ஈமெயில் போட்டுக் குடுத்துட்டு கனடா போயிட்டான். தினகர்னு பேரு. ஒரே பையன். மொத ரெண்டு மாசம் பெட்டியில ஒண்ணும் வராது. நானும் தினம் காலையில பத்து மணிக்குக் குளிச்சு, சட்டை போட்டு, அது முன்னாடி உக்காருவேன். அப்புறம் வர ஆரம்பிச்சுது பாருங்க. முடி கொட்டுதா, மூட்டு வலியா, மனை வேணுமா, பரிசு விழுந்திருக்கு, ஏதோ ஒரு நாட்டு இளவரசி அப்பாவைப் பறிகொடுத்துட்டுத் தவிக்கிறா. என் வீட்டுக்காரி சீனியம்மா காபியைக் கொண்டாந்து பக்கத்துல வச்சுட்டு எட்டிப் பாப்பா. "எனக்கு யாருமே லெட்டர் போடலன்னு சொல்லிட்டிருந்தீங்க, இப்பப் பாருங்க"ம்பா. "அந்த இளவரசிப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை பதில் போடுங்க, பாவம்"பா. எனக்குக் கோபம் வந்துரும். "உனக்கு என்ன தெரியும், காபியை வச்சுட்டுப் போ"ம்பேன்.

எங்க ஓய்வூதியர் சங்கத்துல இதுக்குன்னே ஒரு கூட்டம் போட்டாங்க. எங்க ஆள் ஒருத்தர் ஏமாந்துட்டாரு, அதனால. ஒரு போலீஸ்காரம்மா வந்து பேசுனாங்க. துண்டுச் சீட்டு ஒண்ணு குடுத்தாங்க. இதோ, நோட்டு அட்டையில ஒட்டி வச்சிருக்கேன். மூணாவது வரியைப் பாருங்க. 'உண்மையான கடிதம் உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும். போலிக் கடிதம் வாடிக்கையாளரே, நண்பரே என்று பொதுவாக அழைக்கும். உங்கள் பெயர் இல்லாத கடிதத்தை நம்பாதீர்கள்.'

நல்ல விதி சார். எனக்குப் புரியுற விதி. யாருக்கு, யார்கிட்டருந்து. ஊருல எல்லாரும் வைரஸு கிய்ரஸுன்னு பயந்துக்கிட்டிருந்தப்ப, எனக்கு மட்டும் பழைய வேலை திரும்பக் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. அன்னிக்கே நோட்டு வாங்குனேன். கோடு போட்டேன். போலின்னா முடிவுக் கட்டத்துல 'போ'ன்னு ஒரு எழுத்து. சனிக்கிழமை காலையில பத்து மணிக்குப் போலிப் பெட்டியை, அதான் ஸ்பாம்னு போட்டிருக்குமே, அதைத் தொறந்து, பொருளை எல்லாம் நோட்டுல ஏத்திட்டு, மொத்தமா அழிச்சுருவேன். முப்பது நாள் ஆனா மெஷினே அழிச்சுருமாம். நான் அது வரைக்கும் விட மாட்டேன். வேலையைத் தேங்க விடக் கூடாது.

என் பேரைப் பத்திச் சொன்னேனில்ல, பூமிநாதன்னு. சீனியம்மா அந்தப் பேரைச் சொல்ல மாட்டா. படிக்காதவன்னு நினைக்காதீங்க, பத்தாவது பாஸ். ஆனா சொல்ல மாட்டா. ரேஷன் கடையில வீட்டுக்காரர் பேரு என்னம்மான்னா கார்டை நீட்டுவா. ஆஸ்பத்திரியில கேட்டா பக்கத்துல நிக்கிறவங்க முகத்தைப் பாப்பா. டி.வி.யில பூமி அதிர்ச்சின்னு நியூஸ் வந்தா, எங்கிட்ட வந்து, "எங்கயோ தரை ஆடுச்சாம்"பா. கனடா ஏர்போர்ட்ல வெள்ளைக்காரன் கேட்டிருக்கான். பாஸ்போர்ட்டைப் பொரட்டி என் பேருக்கு நேரா விரலை வச்சிருக்கா. தினகர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பெருமைதான், இல்லேங்கல.

நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனான்னா, அது வேற விஷயம். 'இந்தா'ன்னா வந்துருவா. கூப்பிட வேண்டிய தூரத்துல அவ இருந்ததே இல்லையே.

கனடாவுக்கு மருமக அனிதா பிரசவத்துக்குன்னு சீனியம்மா போனா. ஆறு மாசம். ஆறு மாசத்துக்கும் எனக்குப் பருப்புப் பொடி, வத்தல், எல்லாத்தையும் டப்பா டப்பாவா போட்டு, மேல பேர் எழுதி ஒட்டிட்டுப் போனா. நான் ஒருத்தன்தானே, எனக்கென்ன கஷ்டம். ஆறு மாசம் முடியுற சமயம் தினகர் கேட்டான். "அனிதா வேலைக்குப் போகணும்ப்பா, அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமா"ன்னு. வீடியோவுல எல்லாரும் இருக்காங்க. சீனியம்மா ஓரத்துல இருந்தா. "இருக்கட்டும்டா, பிள்ளை நடக்கட்டும், அப்புறம் வரட்டும்"னேன். சீனியம்மா குனிஞ்சு பிள்ளை துணியை மடிக்க ஆரம்பிச்சா. சந்தோஷமாத்தான் இருந்திருப்பா. பேத்தி பக்கத்துல இருக்கிறது யாருக்குக் கசக்கும்.

வாராவாரம் ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு வீடியோ வரும். அங்க ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சிருக்கும். தினகர், அனிதா, மடியில பிள்ளை. ஓரத்துல சீனியம்மா. "சாப்டீங்களா"ம்பா. "ஆச்சு"ம்பேன். "மாத்திரை"ம்பா. "ஆச்சு"ம்பேன். அவ்வளவுதான். அதுக்கு மேல பேச என்ன இருக்கு. முப்பத்தாறு வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்தது கிடையாது சார். எங்க வேணும்னாலும் எழுதிக் குடுக்கிறேன்.

செம்பட்டி தாண்டிருச்சா? இன்னும் இல்லையா. சரி.

அந்த ஆறு மாசம் நீட்டுனாங்கள்ல, அதுக்கு அடுத்த வாரம்தான் மொதக் கடுதாசி வந்துச்சு. சீனியம்மா போட்டது. சீனியம்மா போட்டதுன்னு இப்பச் சொல்றேன், அப்ப எனக்கு எப்படித் தெரியும்? இதோ பாருங்க, வரிசை எண் 13,206. அனுப்புநர், 'ஹேப்பி பேபி'. பிள்ளைக்குப் பாட்டுப் போடுறதுக்குன்னு அனிதா ஒரு டேப்லெட் வாங்கி, அதுக்கு அந்தப் பேரை வச்சிருக்கா. அதுலருந்துதான் இவ எழுதியிருக்கா. தமிழ்ல எப்படி அடிக்கிறதுன்னு அவளே கத்துக்கிட்டாளாம். எனக்கு அது ஏதோ சோப்புக் கம்பெனி.

அந்த ஒண்ணை மட்டும் பிரிச்சேன். தமிழ்ல இருக்கேன்னு. மொதல் வரி என்ன தெரியுமா? 'அன்புள்ள', அதுக்கப்புறம் வரிசையா புள்ளி, பத்துப் பன்னெண்டு புள்ளி, அப்புறம் 'அவர்களுக்கு'. பேர் போட வேண்டிய எடத்துல புள்ளி. எனக்குச் சட்டுன்னு பிடிபட்டுருச்சு. ஆயிரம் பேருக்கு அனுப்புற படிவம் இது, பேரை நெரப்ப மறந்துட்டான். நேரா கடைசி வரிக்குப் போனேன். 'இப்படிக்கு, தங்கள் அன்புள்ள'. அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல. அவளுக்கு என்ன, தான் யாருன்னு எனக்குத் தெரியாதான்னு விட்டிருப்பா. எனக்கு அது கையெழுத்தில்லாத கடுதாசி. ரெண்டு குத்தமும் இருக்கு. 'போலி'ன்னு பொத்தானை அமுக்குனேன்.

நடுவுல எத்தனை வரி இருந்துச்சுன்னு கேட்டா சொல்ல முடியும். பதினாலு, பதினஞ்சு வரி இருக்கும். என்ன இருந்துச்சுன்னு தெரியாது.

அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்கிட்டா மெஷின் கத்துக்கும் சார். அடுத்த தடவை நம்மளக் கேக்காது. அதே ஆள்கிட்டருந்து வந்தா அதுவே தூக்கி அந்தப் பெட்டியில போட்டுரும். நல்ல பியூன் மாதிரி. நான் மெச்சிக்கிட்டேன்.

அப்புறம் வாராவாரம் வந்துச்சு. வியாழக்கிழமை, வியாழக்கிழமை. அன்னிக்குத்தான் அனிதா ஆபீஸுக்கு நேர்ல போற நாளாம், வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்களாம். நான் எதையும் பிரிக்கல. சனிக்கிழமை பொருளை மட்டும் பாத்து எழுதுனேன். வாசிக்கிறேன், கேளுங்க. சிவப்புல கோடு போட்டதெல்லாம் அவளோடது.

'மழை.' 'முழங்கால் வலி.' இது மருந்துக் கம்பெனின்னு நினைச்சேன். 'டப்பாவில் வண்டு இருக்கிறதா.' பூச்சி மருந்து. 'கண்ணாடி.' 'தூக்கம் வரவில்லை.' மறுபடி மருந்து. 'எடை குறைந்திருக்கிறது.' இந்த மாதிரி ஒரு நாளைக்கு நாலு வரும் சார், பதினஞ்சு நாள்ல பத்துக் கிலோ குறையலாம்னு. 'தனியாக இருக்கிறீர்களா.' இதுக்குப் பாருங்க, முடிவுக் கட்டத்துல 'போ'ன்னு ரெண்டு தடவை எழுதியிருக்கேன், அழுத்தி. பேனா காகிதத்தைக் கிழிச்சிருக்கு. அந்த மாதிரிப் பொம்பளைங்க அனுப்புறதும் வரும், உங்களுக்கும் வந்திருக்கும். இந்த வயசுல எனக்கே இப்படி அனுப்புறாளுகளேன்னு கோபம்.

'பசி.' 'எப்போது.' 'எப்போது'ன்னு ரெண்டு வாரம் வந்திருக்கு. மொத்தம் இருபத்து மூணு.

நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோவுல கேட்டா. "நான் போட்டது வந்துச்சா"ன்னு. அனிதா அப்பப்ப பிள்ளை போட்டோ அனுப்புவா, அதைத்தான் சொல்றாளாக்கும்னு, "வந்துச்சு, வந்துச்சு. பாத்தேன். நல்லா இருக்கு"ன்னேன். கொஞ்ச நேரம் அவ முகம் அப்படியே நின்னுச்சு. நெட்வொர்க் நின்னு போச்சுன்னு நினைச்சேன். "நிக்குதுடா, கட் பண்ணிட்டு மறுபடி போடு"ன்னேன் தினகர்கிட்ட. "இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு"ன்னான்.

அது எந்த வாரம்னு நோட்டை வச்சுப் பாத்துட்டேன். 'எடை குறைந்திருக்கிறது' வந்ததுக்கு மூணாவது நாள்.

அதுக்கப்புறம் அவ கேக்கல.

போன மாசம் ஒரு சனிக்கிழமை. பத்து மணிக்குப் போலிப் பெட்டியைத் தொறந்து, பேனா மூடியைக் கழட்டுறேன், தினகர் போன். அம்மா சமையக்கட்டுல விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரியில இருக்கோம்னான். வயித்துல கட்டி. ரொம்ப நாளா இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாராம். திங்கக்கிழமை போயிட்டா. எனக்கு விசா கிடையாது, நான் போக முடியல. அங்கேயே எரிச்சுட்டுச் சாம்பலைக் கொண்டாந்தான். போன்ல எல்லாம் காமிச்சான். நான் பாக்கல.

தினகரை நான் கத்திட்டேன் சார். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, உங்கம்மா எளைச்சுப் போனது ஒங்க கண்ணுக்குத் தெரியலயாடா, ஒரு வார்த்தை கேக்கத் தோணலயாடா"ன்னு. அவன் அழுதான். "எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலப்பா"ன்னான். எனக்கு ஆறவே இல்ல. ஒரு மனுஷி கூடவே இருக்கா, அவளுக்கு என்னன்னு தெரியாம எப்படி இருக்க முடியும், சொல்லுங்க?

பதினாறாம் நாள் காரியம் பெரியகுளத்துலதான். வராக நதியில சாம்பலைக் கரைச்சோம். மறுநாள் அவங்க கெளம்பணும். பெட்டி கட்டிக்கிட்டிருக்கும்போது தினகர் சொன்னான். "அம்மா வாராவாரம் அந்த 'ஹேப்பி பேபி' டேப்லெட்லருந்து உங்களுக்கு மெயில் போட்டாங்களேப்பா. பதில் வந்துச்சாம்மான்னு ஒரு தடவை கேட்டேன். 'அவரு படிச்சிருப்பாரு. எதுக்கும் யோசிச்சுத்தான் பதில் எழுதுவாரு'ன்னாங்க."

எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா வாய் முந்திக்கிச்சு. "போட்டேனே, நான்தான் பதில் போட்டேனே"ன்னுட்டேன். ஏன் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. தினகர் முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. "நல்லவேளைப்பா"ன்னான்.

அனிதாவும் ஒண்ணு சொன்னா. "மாமா, கடைசி வாரம் அத்தை ஒண்ணு கேட்டாங்க. மெயில்ல பேர் எழுதலன்னா போய்ச் சேராதாம்மான்னு. சில சமயம் ஸ்பாம்ல போயிரும் அத்தைன்னேன். அந்த டேப்லெட்டையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க"ன்னு. அதை எதுக்கு எங்கிட்டச் சொல்றான்னு தெரியல. சரிம்மான்னேன்.

அவங்க கார் கெளம்புனதும் கம்ப்யூட்டரைத் தொறந்தேன். நோட்டை வச்சு வரிசையா தேடுனேன். 'ஹேப்பி பேபி', 'ஹேப்பி பேபி'. அப்பத்தான் அந்தப் புள்ளி ஞாபகம் வந்துச்சு. கல்யாணமான புதுசுல பவானிசாகருக்கு ட்ரெய்னிங் போயிருந்தேன். அங்க ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தா. மேல அட்ரஸ் அவ தம்பி கையெழுத்து. உள்ள 'அன்புள்ள', அப்புறம் வரிசையா புள்ளி. பக்கத்துக் கட்டில்காரன் பாத்துட்டு, "என்னய்யா, உன் பேரைக் கரையான் தின்னுருச்சா"ன்னான். அத்தனை பேரும் சிரிச்சோம். அதை எப்படி மறந்தேன்? என் வாழ்க்கையில பதிவேட்டுல ஏத்தாத தபால் அது ஒண்ணுதான். ஏத்தியிருந்தா ஞாபகம் இருந்திருக்கும்.

இருபத்திரெண்டு அழிஞ்சு போச்சு. ஒண்ணு மட்டும் இருக்கு. கடைசி வியாழக்கிழமை போட்டது. அந்தச் சனிக்கிழமை நான் அழிக்கலையில்ல, போன் வந்துருச்சில்ல, அதனால தப்பிச்சுது. அவ விழாம இருந்திருந்தா அதையும் அழிச்சிருப்பேன்.

திண்டுக்கல்லுல ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் அழிஞ்சதையெல்லாம் மீட்டுக் குடுப்பார்னு சொன்னாங்க. அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன். பாத்துட்டு, "நீங்களே அழிச்சிருக்கீங்க சார், இனிமே வராது"ன்னுட்டாரு. "ஆனா அனுப்புனவங்க பெட்டியில அத்தனையும் அப்படியே இருக்கும், அவங்ககிட்டக் கேளுங்க"ன்னாரு.

தினகர்கிட்டக் கேட்டா ஒரு நிமிஷத்துல எடுத்துக் குடுப்பான். நீங்க அதைத்தான் சொல்லப் போறீங்க, தெரியும். ஆனா எப்படிக் கேக்குறது? பதில் போட்டேன்னு சொல்லிட்டேனே. படிக்காமலா பதில் போட்டீங்கன்னு கேப்பானே. நல்லவேளைப்பான்னு சொன்னவன்கிட்ட. அதெல்லாம் சரியா வராது சார். வேற ஏதாவது வழி இருக்கும், மெதுவா பாக்கலாம்.

கடைக்காரர் இன்னொண்ணும் சொன்னாரு. மிச்சமிருக்கிற அந்த ஒண்ணுக்கு நாளையோட முப்பது நாள் ஆகுதாம். நாளைக்கு அதுவும் தானாப் போயிருமாம். 'போலி இல்லை'ன்னு ஒரு பொத்தான் இருக்காம், அதை அமுக்குனா நிக்குமாம். "நானே அமுக்கிடவா"ன்னாரு. வேண்டாம்னு போனை வாங்கிட்டு வந்துட்டேன். அவர் கடையில நாலு பேரு நிக்கிறாங்க.

நான் இன்னும் அதைப் பிரிக்கல. பத்து நாளா அதைத் தொறந்து, பொருளை மட்டும் பாத்துட்டு மூடிருறேன். என்ன பொருள் தெரியுமா? 'பதில் வேண்டாம்.' இந்த பேங்க்காரன், கரண்ட் ஆபீஸ்காரனெல்லாம் போடுவானே, இந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்ப வேண்டாம்னு, அது மாதிரி. அவ எந்த அர்த்தத்துல எழுதியிருப்பா? கோபமா? இல்ல, நீங்க சிரமப்படாதீங்கன்னா? அவ சுபாவத்துக்குக் கோபமா இருக்காது. ஆனா நடுவுல படிக்காம எப்படிச் சொல்றது.

தபால்ல ஒரு விஷயம் இருக்கு சார். பிரிச்சுட்டா முடிவு எழுதணும். முடிவுக் கட்டம் காலியா இருக்கக் கூடாது. இதைப் பிரிச்சா நான் என்னத்தை எழுதுவேன்?

உங்களைப் பாத்தா நிதானமான ஆளா தெரியுது. தெரிஞ்சவங்ககிட்ட இதைக் கேக்க முடியாது. நீங்க வத்தலக்குண்டுல எறங்கிருவீங்க. அதான். இந்தாங்க போன். அதோ, அந்தப் பெட்டி. கீழருந்து மூணாவது. என் கண்ணுக்கு அந்தத் தடிச்ச எழுத்து மட்டும்தான் தெரியும், அதுக்குக் கீழ சின்ன எழுத்து ஓடுறது தெரியாது. நீங்க பிரிங்க. மொதல் வரி, கடைசி வரி. நடுவுல வேண்டாம். நடுவுல நான் வீட்டுல போய்ப் படிச்சுக்கிறேன். படிப்பேன். மொதல்ல அவதானான்னு தெரியட்டும்.

ம். படிங்க.

என்னது?

இல்ல சார், சரியாப் பாருங்க. 'அன்புள்ள' போட்டு அதுக்கப்புறம் புள்ளி இருக்கும்.

பேரா? என் பேரா? 'பூமிநாதன் அவர்களுக்கு'ன்னா?

அப்ப அது அவ இல்ல. அது வேற எவனோ. பேரைக் கண்டுபிடிச்சுட்டானுங்க. இப்பல்லாம் எல்லாத்தையும் கண்டுபிடிச்சுருவானுங்க, நம்ம பேரு, நம்ம ஊரு, எல்லாம். அவ எழுத மாட்டா சார். ஏர்போர்ட்லயே சொல்லாதவ. முப்பத்தாறு வருஷம் சொல்லாதவ. வேண்டாம், மூடிருங்க. அழிச்சுருங்க. நான் பைத்தியக்காரன், பத்து நாளா இதைப் போய்...

இருங்க. விரலை எடுங்க. அழிச்சுறாதீங்க.

கடைசி வரி என்ன?

'இப்படிக்கு, தங்கள் அன்புள்ள'. சரி. அதுக்குக் கீழ?

'சீனியம்மாள்'னா.

'ள்' போட்டிருக்காளா. ஆமா, ரேஷன் கார்டுல அப்படித்தான் இருக்கும்.

போய்ச் சேராதான்னு கேட்டிருக்கா பாருங்க. அனிதாகிட்ட. எழுதலன்னா போய்ச் சேராதாம்மான்னு.

இல்ல, ஒண்ணுமில்ல சார். தூசி. ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க.

அந்தப் பொத்தான் இருக்கும், 'போலி இல்லை'ன்னு. அமுக்குங்க. அமுக்கிட்டீங்களா? இப்ப எங்க போயிருக்கு? எல்லாம் வர்ற பெட்டிக்கா? சரி. சரி.

என்ன, வத்தலக்குண்டு வந்துருச்சா? எந்திரிங்க, பையை எடுத்துக்கங்க. இந்தக் குடையும் உங்களோடதா, மறந்துறாதீங்க. கண்டக்டர், கொஞ்சம் நில்லுங்க, இவர் எறங்கணும். ஒரே நிமிஷம்.

சார், அந்த மொதல் வரி. முழுசா வேண்டாம். அவ சொல்லி நான் கேட்டதில்ல, எப்படிச் சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியாது. பேரை மட்டும் இன்னொரு தடவை படிங்க. மெதுவா.